சன்னல் துண்டு

ஒரு விஷயத்தைக் காதால் கேட்டுவிட்டவர், அதைக் கேட்காதவராக இருந்து யோசிக்க முடியுமா? கேட்டதை வெளியே சொல்லாமல் இருந்துவிடலாம். அது வாயை அடக்குவது; முயன்றால் பலருக்கும் கைவரும். ஆனால் கேட்டது நம் யோசனைக்குள் புகுந்து, நம்முடைய சொந்த யோசனை போலவே எழுந்து வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ள யாரால் முடியும்? வள்ளிக்கண்ணுவின் வாழ்க்கை நேராகப் போய் இந்தக் கேள்வியில் மோதிக்கொண்டது. அவள் தத்துவம் படித்தவள் அல்ல. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் காஸ்ட் இன்ஜினியர்.

அது என்ன வேலை என்பது அவள் அம்மா இருசம்மாளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"இன்ஜினீருக்குப் படிச்சுட்டு வெலை கேக்கற வேலையா பாக்குற?"

"கேக்கறதில்லம்மா. ஒரு சாமானுக்கு என்ன வெலை இருந்தா நியாயம்னு சொல்றது."

"அதைத்தான் நான் காந்தி மார்க்கெட்ல தெனம் சொல்றேன். எவன் எனக்குச் சம்பளம் குடுத்தான்?"

இருசம்மாள் சொன்னதில் பெரிய பிழை இல்லை. ஒரு ஸ்கூட்டரின் பாகங்களில் பெரும்பாலானவை வெளியே இருந்து வருபவை. சின்னச் சின்னப் பட்டறைகள் செய்து கொடுக்கின்றன. பட்டறைக்காரர் ஒரு விலை சொல்வார். அந்த விலையைப் பார்க்காமலேயே, பாகத்தின் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எவ்வளவு தகடு போகும், எந்த பிரஸ்ஸில் எத்தனை அடி, ஆள் கூலி, கரண்ட், வீணாகும் துண்டு, பட்டறைக்காரருக்கு நியாயமான லாபம் என்று அடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்து ஒரு விலையில் நிற்பது வள்ளிக்கண்ணுவின் வேலை. இரண்டு விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பேசித் தீர்ப்பது பர்ச்சேஸ்காரர்களின் பாடு. அவள் பட்டறைக்காரர்களைச் சந்திப்பதே இல்லை.

மின்சார வண்டியில் இந்த வேலைக்கு ஒரு தனிக் கடுமை உண்டு. வண்டி விலையில் பெரும் பங்கு பேட்டரிக்குப் போய்விடுகிறது. அதன் விலை எங்கோ, யாரோ முடிவு செய்வது. திருச்சியில் உட்கார்ந்து அதைக் குறைக்க முடியாது. ஆகவே குறைக்க முடிந்த இடத்தில்தான் குறைப்பார்கள். தகடு, கம்பி, திருகு, மூடி. துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் இருக்கிற ஷெட்டுகளின் மேல்தான் அந்தப் பாரம் கடைசியில் வந்து இறங்கும்.

அவளை மேதை என்று சொல்ல எதுவும் இல்லை. வேகமும் போதாது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் ஒரு நாளில் முடிப்பதை இரண்டு நாள் வைத்திருப்பாள். ஒரு குணம் மட்டும் இருந்தது: தெரியாததைத் தெரிந்ததாக எழுதமாட்டாள். ஒரு முலாம் பூச்சுக்கு இந்தப் பக்கத்தில் என்ன கூலி என்று விசாரித்துத் தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் 'தெரியாது' என்றே எழுதி அனுப்புவாள். அவளுடைய மேலாளர் பீமராவுக்கு அது பிடித்திருந்ததா, தலைவலியாக இருந்ததா என்று அவருக்கே நிச்சயமில்லை.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வாடகை வீடு. கணவன் சிவசங்கர் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் பார்த்துக்கொள்கிறவன். ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தபின் பிறந்ததால் குழந்தைக்கு ரங்கநாயகி என்று பெயர் வைத்தார்கள், கூப்பிடுவது ரங்கி. காலையில் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் பக்கம் வந்து, மன்னார்புரத்தில் கம்பெனி பஸ் ஏறுவாள். வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் மீன் வாசனை ஆகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு திருவெறும்பூரில், அம்மாவும் இருக்கிற அண்ணன் வீட்டில் என்று ஆகிவிட்டது.

அண்ணன் அடைக்கலம் அவளைவிடச் சில வயது மூத்தவன். திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பம்; அவன் ஐடிஐ முடித்து, யார் யாரிடமோ வேலை பார்த்து, கடைசியில் துவாக்குடியில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டான். இரண்டு பிரஸ், ஒரு தகடு வெட்டும் மெஷின், ஐந்தாறு ஆட்கள். அவளுடைய கம்பெனிக்கும் சில பாகங்கள் செய்துகொடுத்தான். அவள் வேலைக்குச் சேரும் முன்னாலேயே வாங்கிய ஆர்டர் அது. சேர்ந்த முதல் வாரமே அவள் பீமராவிடம் சொல்லிவிட்டாள்: இன்ன பட்டறை என் அண்ணனுடையது, அவருடைய எந்தப் பாகமும் என் மேஜைக்கு வரக்கூடாது. வரவும் இல்லை.

அண்ணனும் தங்கையும் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். சொல்லப்போனால் அதை வைத்தவனே அடைக்கலம்தான். "வெலைப் பேச்சு மட்டும் வேணாம் பாப்பா. ஒனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. சோத்துல கல்லு மாதிரி." அதை அவன் மீறியதே இல்லை. ஆனால் விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வான். பிரஸ்ஸின் அச்சு உடைந்தது, கரண்ட் போனது, பிரஸ் ஆப்பரேட்டர் மாமியார் வீட்டுக்குப் போய் திரும்பி வராதது. வீட்டில் வேறு யாருக்கும் அது புரியாது. புரிந்தவள் அவள் ஒருத்தி. அவளிடம் பேசும்போது அவன் முகமே வேறாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விரால் குழம்பு. சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடைக்கலத்துக்கு ஏதோ சொல்ல நாக்கு துறுதுறுத்தது தெரிந்தது.

"பாப்பா, ஒன்னு செஞ்சேன். கேட்டீன்னா நீயே கையத் தட்டுவ."

"வெலைப் பேச்சா?"

"சேச்சே. மூளைப் பேச்சு."

"அப்ப சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றான் சிவசங்கர்.

"மாப்ளே, நீங்க மோரு குடிங்க." அடைக்கலம் தன் இலையின் காலியான ஓரத்தை இழுத்து, நகத்தால் ஒரு சதுரம் கிழித்தான். "இது ஒரு மூடின்னு வெச்சுக்க. நடுவுல சன்னல் வெட்டணும். வெட்டுனா இந்தத் துண்டு கீழ விழும். எல்லாரும் என்ன பண்ணுவாங்க? பழைய இரும்புக்குப் போடுவாங்க. நானும் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேன், வருசக்கணக்கா, முட்டாப்பய மாதிரி. அதே வண்டிக்கு ஒரு சின்ன பிராக்கெட்டும் நான்தான் செய்றேன். அதுக்குப் புதுத் தகடு வாங்கறேன். போன வாரம் துண்டைக் கையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். பிராக்கெட்டு இதுல உக்காருமான்னு. நேரா வெச்சா உக்காரல. ஒரு முனை வெளிய நிக்குது." இன்னொரு சின்னத் துண்டைக் கிழித்து, சன்னல் துண்டின் மேல் வைத்து, கட்டை விரலால் மெல்லத் திருப்பினான். "இந்தா. சாய்ச்சு வெச்சா உக்காந்துருச்சு. சும்மா அளவெடுத்த மாதிரி."

வள்ளிக்கண்ணு உண்மையிலேயே கையைத் தட்டினாள். "இத்தனை நாளா இந்த மூளையை எங்கண்ணே வெச்சிருந்த?"

"பழைய இரும்புல கெடந்துச்சு" என்றான் சிவசங்கர்.

இருசம்மாள் உள்ளேயிருந்து, "எச்சி இலையில என்னடா வெளையாட்டு, எடுத்துப் போடுங்க" என்று சத்தம் போட்டாள். எல்லோரும் சிரித்தபடி எழுந்தார்கள். அது என்ன வண்டி, யாருக்குச் செய்யும் மூடி என்று அடைக்கலம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கட்டுப்பாட்டை மீறவில்லை என்ற நிம்மதி இருவருக்கும் இருந்தது.

சில மாதங்கள் போயின. கம்பெனியில் வண்டியின் விலையை இறக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பழைய பாகங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்குப் போடச் சொன்னார்கள். கணக்குப் போடுகிறவர் மனம் எந்தப் பட்டறையின் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வரைபடங்களில் பட்டறையின் பெயரையும் பழைய விலையையும் மறைத்துக் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. யாரும் அதில் குறை காண முடியாது. பெயர் தெரிந்திருந்தால் அவள் இது என் அண்ணனுடையது, வேண்டாம் என்று தள்ளி வைத்திருப்பாள். பெயரை மறைத்ததால் தள்ளி வைக்க வழியில்லாமல் போயிற்று. வரைபடங்களைப் பிரித்துக் கொடுத்த புதுப் பெண்ணுக்கு, வள்ளிக்கண்ணு சேர்ந்த வாரத்தில் பீமராவிடம் சொன்ன சொல் எப்படித் தெரியும்?

அவள் மேஜைக்கு வந்தவற்றில் சீட்டுக்குக் கீழே பேட்டரிப் பெட்டியை மூடும் தகடு ஒன்று. நடுவில் சதுரமாக ஒரு திறப்பு. வேறு ஒரு தாளில், ஒயரைப் பிடித்துக்கொள்ளும் சின்ன பிராக்கெட். இரண்டும் ஒரே கனத் தகடு. காலையில் மூடியைப் போட்டு முடித்தாள். மதியம் பிராக்கெட்டை எடுத்தாள். ஏதோ தோன்றிற்று. கம்ப்யூட்டர் திரையில் பிராக்கெட்டின் உருவத்தைத் தூக்கி, மூடியின் சன்னலுக்குள் கொண்டுபோய் வைத்தாள். ஒரு முனை வெளியே நின்றது. கொஞ்சம் திருப்பினாள். உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கண்டுபிடித்தவருக்கு வருமே, அந்தச் சந்தோஷம். சுத்தமான சந்தோஷம் என்றுதான் அவள் பின்னால் நினைத்துப் பார்க்கும்போதும் பட்டது. அதனால்தான் அதை மன்னிக்கவே முடியவில்லை. பிராக்கெட்டுக்குத் தகடு விலை என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டாள். பக்கத்தில் படத்தையும் சேர்த்தாள். டீ குடிக்கப் போனாள்.

இலையின் ஓரத்தில் கிழித்த சதுரம் அவள் நினைவுக்கு வரவே இல்லை.

வந்தது மூன்று வாரம் கழித்து. சாயங்காலம் மன்னார்புரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினாள். ரவுண்டானாவுக்கு இந்தப் பக்கம் அடைக்கலம் பைக்கைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான். வேலை நாளில் அவன் அங்கே நிற்பது வழக்கமில்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடினாள்.

"என்னண்ணே? அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லாத்தான் இருக்கு. ஒங்க ஆபீஸ்லேர்ந்துதான் வரேன். பர்ச்சேஸ்ல கூப்பிட்டிருந்தாங்க." அவன் குரல் சாதாரணமாகவே இருந்தது. "ஒரு தம்பி படம் போட்டுக் காட்டுறான். பிராக்கெட்டுக்குத் தகட்டுக் காசு எதுக்குங்க, சன்னல் துண்டுலதானே அடிக்கிறீங்கன்னு. எனக்கு ஒடம்பே வேர்த்துப் போச்சு. பட்டறையில ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ரெண்டு பேருக்கும் ஒங்க கம்பெனி வாசல்கூட எந்தப் பக்கம்னு தெரியாது."

அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. இலை, நகம், கட்டை விரல், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"அண்ணே, சத்தியமா அது ஒன் பாகம்னு எனக்குத் தெரியாது. பேரே இல்லண்ணே. மறைச்சுக் குடுக்கறாங்க."

"நீதான் போட்டியா?"

அவன் அதுவரை நிச்சயமாக நினைக்கவில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"சரி. பாகம் தெரியாது. நம்புறேன்." புதுக்கோட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும்வரை அவன் காத்திருந்தான். "சாய்வு எப்படித் தெரிஞ்சுச்சு பாப்பா?"

அவன் பைக்கை உதைத்துக் கிளம்பினான். ஏற்றிக்கொண்டு போய் ஸ்ரீரங்கத்தில் விடட்டுமா என்று கேட்கவில்லை. என்றைக்கும் கேட்பவன்.

வீட்டில் சிவசங்கர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல என்ன இருக்கு?" என்றான். "அது சாய்க்காம உக்காராது. யார் வெச்சாலும் சாய்ச்சுத்தான் வைக்கணும். சாய்வு ஒங்கண்ணன் பேர்ல எழுதியா வெச்சிருக்கு?"

"யார் வேணா சாய்ப்பாங்க. ஆனா யார் வேணா சன்னலுக்குள்ள கொண்டு போய் வெச்சுப் பாப்பாங்களா?"

"நீ பாத்திருப்ப."

"அதாங்க எனக்குத் தெரியல."

அவன் அதைப் பணிவு என்று நினைத்தான். பணிவு அல்ல. அவள் தன்னுடைய பழைய வேலைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். ஒரு பாகத்தின் வீண் துண்டில் இன்னொரு பாகத்தை அடைக்கலாம் என்று அண்ணன் சொல்வதற்கு முன்னால் தனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தது, ஒரு முறையோ இரண்டு முறையோ. தோன்றாமல் விட்டுப்போன இடங்களும் இருந்தன, கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று. இரண்டும் இருந்ததால் இரண்டும் எதையும் நிரூபிக்கவில்லை. அந்த மதியத்தை மனதில் ஓட்டிப் பார்த்தாள். பிராக்கெட்டைத் தூக்கிய கை ஏன் சன்னலை நோக்கிப் போயிற்று? ஓட்டிப் பார்க்கப் பார்க்க, அந்த மதியத்துக்குள் இலையின் பச்சை கலந்துகொண்டே வந்தது. முதலில் அது அங்கே இருந்ததா, இப்போது இவள் கொண்டுபோய் வைத்ததா என்பதும் பிரித்தறிய முடியாமல் ஆயிற்று.

பீமராவிடம் போய், அந்தக் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் அல்ல.

"பிரிச்சுக் குடுத்த பொண்ணுக்கு ஒங்க அண்ணன்னு தெரிஞ்சிருந்தா குடுத்தே இருக்கமாட்டா. அது எங்க தப்பு. ஆனா கணக்குல தப்பு இருக்கா? இருந்தா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்."

"தப்பு இல்ல சார்."

"சரியான கணக்கை எப்படிம்மா வாபஸ் வாங்கறது? மேல கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

அடைக்கலத்தின் ரேட்டைக் குறைத்தார்கள். அவன் அதனால் ஒழிந்துபோய்விடவில்லை. அவனை அரித்தது ரேட் அல்ல என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில், தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் ஆசையாகக் காட்டிய ஒன்று, ஏதோ ஒரு தம்பியின் கம்ப்யூட்டரில் தன்னைப் பார்த்துச் சிரித்த காட்சியை அவனால் விழுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஷெட்டுக்குப் போகத் தொடங்கினான். இரண்டு வாரம் வள்ளிக்கண்ணு போய், அண்ணியோடும் அம்மாவோடும் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தாள். மூன்றாவது வாரம் போகவில்லை.

இதற்கு நடுவில் ரங்கிக்குக் காது குத்துவதற்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பே பார்த்து வைத்த நாள். திருவெள்ளறைக்கு அப்பால் வயல்களுக்கு நடுவில் சிவசங்கர் குடும்பத்துக் குலதெய்வம் மதுரைவீரன் கோயில். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் வராத காதுகுத்து ஊரில் நடந்ததில்லை என்பதல்ல. நடந்தால் அதை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். வள்ளிக்கண்ணுவுக்கு ஊர்ப் பேச்சு பெரிதில்லை. அண்ணன் வருவானா என்பது ஒன்றுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. வந்தால் மடி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"வருவான்டி. மாமன் மடி இல்லாம புள்ளைக்குக் காது குத்துவாங்களா? ஆனா ஒம் மூஞ்சிக்காக வரான்னு நெனச்சுக்காத."

"அண்ணன் ஏதாவது சொல்லுச்சாம்மா?"

"எங்க பேசுறான்? பட்டறையில இருக்கற பிரஸ்ஸு கூட அவனவிட நல்லாப் பேசும்."

வந்தான். வேன் பிடித்து, முறைப்படி சீர்த் தட்டுகளோடு வந்தான். பழம், பூ, குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, ஒரு ஜோடி தங்கத் தோடு. எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. ரங்கி "மாமா" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கி முத்தம் கொடுத்தான். ஆசாரி சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பொங்கல் இறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அடைக்கலம் தங்கையைப் பார்த்து, "இங்க வா" என்று கோயிலுக்குப் பின்பக்கம் நடந்தான். நடவு முடிந்த வயல் ஓரம். சொந்தக்காரர்களின் பேச்சு அங்கே வராது.

"நான் ரொம்ப யோசிச்சேன் பாப்பா. ஒன் மேல எனக்குக் கோவம் இருக்கு. ஆனா அது எதுக்குன்னு எனக்கே ஒரு முடிவு வேணும். இப்ப ஒன்னு கேக்குறேன். நீ என்ன சொன்னாலும் நான் நம்பிடுவேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கெடையாது." அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னைக்கு நான் இலையில காட்டுனது ஒன் கணக்குல இருந்துச்சா, இல்லையா?"

'இல்லை' என்று ஒரு சொல். அவன் அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறான், அதற்காகத்தான் கையேந்தி நிற்கிறான் என்பது அவளுக்கு அவன் நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. அந்தச் சொல் பொய் என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒருவேளை முழு உண்மையாகவே இருக்கலாம். உலகத்தில் எத்தனையோ பேர் இதைவிடக் குறைந்த நிச்சயத்தை வைத்துக்கொண்டு கோயில் வாசலில் சத்தியமே செய்கிறார்கள். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவளே கூட நாளடைவில் அதை நம்பியிருப்பாள்.

"தெரியலண்ணே" என்றாள்.

"தெரியலையா?"

"எவ்வளவோ நெனச்சுப் பாத்துட்டேன். நானாத்தான் கண்டுபிடிச்சேன்னு அப்ப தோணுச்சு. ஆனா நீ சொல்லாம இருந்திருந்தா தோணியிருக்குமான்னு எனக்குத் தெரியல."

அடைக்கலம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்ததுபோல் இருந்தது.

"ஆமாண்ணே, எடுத்துட்டேன், புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லியிருந்தாகூட நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேனே. இது என்ன பதிலு? இதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்றது? கோவப்படவும் முடியல. விடவும் முடியல."

"வேற சொல்லத் தெரியலண்ணே."

"தெரியல, தெரியல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "வா, ஆசாரி காத்துக்கிட்டிருப்பாரு."

பாயில் உட்கார்ந்தான். ரங்கியை மடியில் வாங்கி, இரண்டு கைகளையும் தன் ஒரு கையில் அடக்கி, தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். முதல் காதில் ஊசி இறங்கியபோது குழந்தை வீறிட்டாள். "முடிஞ்சிருச்சுடா, முடிஞ்சிருச்சு, மாமா இருக்கேன்ல" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தக் குரல் வள்ளிக்கண்ணுவுக்குத் தெரிந்த குரல். சின்ன வயதில் இவள் காலில் கருவேல முள் எடுத்தபோது அவன் பேசிய குரல். மூன்றடி தள்ளி நின்று கேட்டாள். இரண்டாவது காதும் முடிந்தது. தோட்டைப் பூட்டி, கண்ணீரைத் துண்டால் ஒற்றி, குழந்தையைச் சிவசங்கர் கையில் கொடுத்தான். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

இலை போட்டு, பொங்கலும் கறியும் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். மாமனுக்கு முதல் இலை. அவன் வேன் நிற்கும் பக்கம் நடந்தான்.

"டேய் அடைக்கலம்! கை நனைக்காம போகாதடா!" இருசம்மாள் கரண்டியோடு ஓடினாள். "சாமி எடத்துல வந்து கை நனைக்காம போற பயலைப் பெத்தேனா நான்? ரெண்டு வாய் தின்னுட்டுப் போடா. அவளுக்காக வேணாம், எனக்காகத் தின்னுடா."

"பசியில்லம்மா."

"பசிக்கா சாப்பிடச் சொல்றேன்?"

அவன் நிற்கவில்லை. அண்ணி ஒரு நிமிஷம் தயங்கி வள்ளிக்கண்ணுவின் கையை அழுத்திவிட்டு, பின்னாலேயே போனாள். வேன் வரப்பு ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய் மறைந்தது. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சித்தப்பா மகன் ஒருவன் மாமன் இலையில் உட்கார வந்தான். இருசம்மாள் அவனை அடிக்காத குறையாக விரட்டினாள். வள்ளிக்கண்ணு எல்லோருக்கும் பரிமாறினாள். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். கடைசியில் சாப்பிட உட்கார்ந்து, பொங்கலைப் பிசைந்தபடியே இருந்தாள்.

அதற்குப் பின் அண்ணனும் தங்கையும் சண்டையிட்டதில்லை. சண்டையிட எதுவும் இல்லை. தீபாவளிக்கு ரங்கியைச் சிவசங்கர் கூட்டிப்போய் வருவான். குழந்தை புதுத்துணியோடு, மத்தாப்புப் பெட்டியோடு திரும்புவாள். ஒரு முறை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். "புள்ள நல்லாருக்கா?" என்று அவன் கேட்டான். "இருக்காண்ணே" என்றாள் இவள். அவனுடைய பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. காதோரம் நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது, 'சாப்பிட்டியாண்ணே' என்று கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்டால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று காவிரிப் பாலம் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தாள்.

அடைக்கலம் சீக்கிரமே கம்பெனி ஆர்டரை விட்டுவிட்டான். யாரும் விடச் சொல்லவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலும் வீட்டு வாசலுக்கு இரும்புக் கதவும் செய்கிறான். மூடியும் பிராக்கெட்டும் ஓசூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குப் போயின.

காதுகுத்துக்கு அடுத்த ஆண்டு மறுபடியும் எல்லாப் பாகங்களுக்கும் புதுக் கணக்கு. இந்த முறை பீமராவ் தானே உட்கார்ந்து பிரித்தார். அந்த இரண்டு வரைபடங்களும் வந்தபோது, வேறு யாருக்கோ எழுதித் தள்ளி வைத்தார். வள்ளிக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை என்கிட்ட குடுங்க சார்."

"வேணாம்மா. எதுக்கு?"

"இப்ப எங்கண்ணன் செய்யல. யாரோ செய்றாங்க. நான் போடக் கூடாதுன்னு எதுவும் இல்ல."

கொடுத்தார். வழக்கத்தைவிட அதிக நாள் வைத்திருந்தாள். முடித்துக் கொண்டுவந்து வைத்தபோது பீமராவ் இரண்டு முறை பார்த்தார். மூடிக்கு ஒரு தகடு. பிராக்கெட்டுக்குத் தனியாகப் புதுத் தகடு, முழு விலை. சன்னலில் விழும் துண்டு, பழைய இரும்புக்கு.

"என்னம்மா இது? போன வருஷம் நீங்களே சன்னல் துண்டுல போட்டீங்க."

"ஆமா சார்."

"அதுல தப்பு கெடையாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா சார். தப்பு கெடையாது."

"அப்ப இது தப்பு."

அவர் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்: "இதை மேல அனுப்ப முடியாது, தெரியுமில்ல? பழைய கணக்கைத்தான் அனுப்புவேன். ஒங்க அண்ணனுக்கும் இதுல ஒரு பைசா போகப்போறதில்ல. யாருக்காக இது?"

அந்த இலையைப் பார்த்திராத ஒருத்தி போடக்கூடிய கணக்கு அது; அவள் தாளில் சன்னலின் ஓரத்தை நகத்தால் ஒரு முறை சுற்றினாள்.

"சரி, மாத்தறதா இருந்தா இப்பவே மாத்துங்க. மாத்தலைன்னா ஒங்க பேர்ல பிழைன்னு ஏறும். காரணமாவது எழுதுங்க."

வள்ளிக்கண்ணு தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, அவரிடம் நீட்டினாள்.